மேட்டுக் காலனி கேட்

சடையப்பன் போன் செய்தபோது பார்த்திபன் கவரைப்பேட்டையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தான்.

"சார், ரயிலு பேப்பரு ஒரு கட்டு வந்துக்குது. வந்து பாக்குறியா, இல்ல எடைக்கு ஏத்தி அனுப்பிடட்டுமா?"

"அனுப்பிடாத. இதோ வரேன்."

பக்கத்தில் நின்ற நந்தினி மீன் பையைக் கணவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "போங்க. ஊட்ல கால் வெக்க எடமில்ல, இன்னொரு கட்டு வேற" என்றாள். பல வருடமாகச் சொல்லிச் சொல்லி அதில் கோபம் தேய்ந்துபோயிருந்தது.

பார்த்திபன் கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஒரு தொழிற்சாலையின் எடைமேடையில் சூப்பர்வைசர். பழைய ரயில் பாதை வரைபடங்களையும் சிக்னல் வரைபடங்களையும் சேர்ப்பது அவனுக்குப் பித்து. எந்த ஸ்டேஷனில் எத்தனை தடம் இருந்தது, கைகாட்டி எங்கே நின்றது, எந்த லீவரை இழுத்தால் எது அசையும் என்பதையெல்லாம் தாளில் கோடு கோடாகப் பார்ப்பதில் அவனுக்கு அப்படியொரு சந்தோஷம். அவனைப் போன்றவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். அரக்கோணத்தில் ஒரு பல் டாக்டர், பெங்களூரில் ஒரு வங்கிக்காரர் என்று பலதரப்பட்ட ஆட்கள். ஒருவருக்கு ஒரு தாள் கிடைத்தால் எல்லோருக்கும் பண்டிகைதான்.

சடையப்பனின் பழைய இரும்புக் கடை சிப்காட் சாலையோரம் இருந்தது. இடித்துத் தள்ளிய ஏதோ கட்டடத்தின் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில் அந்தக் கட்டு கிடந்தது. பார்த்திபன் தரையில் சாக்கை விரித்து மேலே இருந்த தாளைப் பிரித்தான். நீலத்தில் வெள்ளைக் கோடுகள். ஸ்டேஷன் கடைசித் தடத்திலிருந்து பிரிந்து ஒரு தொழிற்சாலைக்குள் போகும் சைடிங் பாதை. ஒரு ஓரமும் கிழியவில்லை. அங்கேயே போனில் படமெடுத்து, "இன்னா கெடச்சிருக்கு பாருங்க" என்று குழுவில் போட்டுவிட்டான்.

அதற்குப் பிறகுதான் நிதானமாகப் படித்தான். அது அவன் வேலை செய்யும் கம்பெனியின் சைடிங். ஸ்டேஷனுக்கும் கம்பெனிக்கும் நடுவே, ஊர்க்காரர்கள் நடக்கும் வழி ஒன்று தண்டவாளத்தைக் கடந்து போனது. வழியின் இரண்டு பக்கமும் கேட். ஓரத்தில் கேட்காரருக்கு ஒரு அறை. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒவ்வொரு கைகாட்டி. கேட்டை மூடிப் பூட்டினால்தான் கைகாட்டி இறங்கும், வண்டி நகரும் என்று காட்டும் இணைப்புக் கோடுகள். பக்கத்தில் ஆங்கிலத்தில் தெளிவான எழுத்து: 'மேட்டுக் காலனி கேட்.'

பார்த்திபன் தாளைச் சுருட்டினான். சடையப்பன் கேட்ட காசைக் கொடுத்தான்.

அந்தக் கேட் இருந்த இடத்தில்தான் போன வருடம் தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால் அன்புசெல்வன் செத்தான். மேட்டுக் காலனிக்காரன், பெயின்ட் கம்பெனியில் பேக்கிங் வேலை. மத்தியானம் ஷிப்ட் முடிந்து மழையில் தலைக்கு பிளாஸ்டிக் பையைப் போட்டுக்கொண்டு பாதையைக் கடந்திருக்கிறான். எஞ்சின் பின்னாலிருந்து வேகன்களைத் தள்ளிக்கொண்டு வந்தது. முன் வேகனில் கொடியோடு நிற்க வேண்டிய ஆள் இல்லை. சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சைடிங் இருபது வருடத்துக்கு மேல் ஓடாமல் கிடந்தது. பழைய முதலாளி கைமாற்றிவிட்டுப் போனபின் இப்போதைய கம்பெனி அதைத் திரும்ப ஓட்ட ஆரம்பித்தது. இடையில் கேட்டும் போயிருந்தது, கைகாட்டியும் போயிருந்தது. அன்புசெல்வன் செத்ததும் கம்பெனி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டது: அங்கே வழி என்று எதுவும் என்றைக்கும் இருந்ததில்லை, அவன் அத்துமீறி நுழைந்தவன். அவன் பெண்டாட்டி மெர்சி, கேட் போட்டுக் கொடுங்கள் என்று மனு கொடுத்துக்கொண்டிருந்தாள். காலனிப் பிள்ளைகள் பள்ளிக்குப் போக அந்த வழியை விட்டால் நெடுஞ்சாலையைச் சுற்றித்தான் போக வேண்டும்.

இதெல்லாம் பார்த்திபனுக்குத் தெரியும். கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

சில நாள் அவன் இதை வெளியில் சொல்லவில்லை. நந்தினியிடம் மட்டும் சொன்னான். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு உதவும்னா குடுத்துடலாம். ஆனா உங்க பேரு வெளிய வரும். அப்பறம் அங்க வேல செய்ய முடியுமா?"

அவன் சுருட்டிய தாளை அலமாரிக்கு மேல் ஏற்றி வைத்தான்.

ஷிப்ட் இல்லாத ஒரு நாள் காலையில் அந்த இடத்தைப் பார்க்கப் போனான். படத்தில் கேட் இருந்த இடத்தில் சீமைக்கருவேலம் அடர்ந்திருந்தது. முள்ளை விலக்கிப் பார்த்தான். தரையோடு அறுத்தெடுத்த இரும்புத் தூணின் அடி தெரிந்தது. குனிந்து அதைத் தொட்டுக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னா சார் தேடறீங்க?"

பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு மெர்சி நின்றாள். காலனிக்காரர்கள் நியாயம் கேட்டு ஒட்டிய போஸ்டரில் அன்புசெல்வன் படத்துக்குப் பக்கத்தில் அவளைப் பார்த்திருக்கிறான்.

"இங்க ஒரு கேட் இருந்துச்சாம்மா?"

"அதத்தான் நாங்க கத்திக்கினு கீறோம். யாரு நம்பறாங்க? நீங்க யாரு, கம்பெனி ஆளா?"

"கம்பெனிலதான் வேல. எடைமேடைல."

அவள் முகம் மூடிக்கொண்டது. "வா ஏஞ்சல்" என்று மகளை இழுத்துக்கொண்டு நடந்தாள். பாதையை நெருங்கியதும் நின்று, இரண்டு பக்கமும் வெகுநேரம் பார்த்து, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிக் கடந்தாள். தூக்கும் வயதைத் தாண்டிய குழந்தை. கால் அவள் முழங்காலில் இடித்தது.

அவள் திரும்பி வரும்வரை பார்த்திபன் அங்கேயே நின்றான்.

"எங்கிட்ட ஒரு படம் கீது" என்றான். "கேட் அதுல கீது. இந்தத் தூணு கூட கீது."

மெர்சி அவனை நம்பாமல் பார்த்தாள். போனில் இருந்ததைக் காட்டினான். பெரிதாக்கச் சொல்லி, ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"அசலு எங்க?"

"ஊட்ல."

"எங்க மனு மேல வெசாரணைக்குப் பொன்னேரி சப்-கலெக்டர் ஆபீஸ்ல தேதி குடுத்துக்கீறாங்க. அசலு வேணும். போன்ல எடுத்தத தூக்கிப் போட்ருவாங்க." அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நீங்க பெரிய கயனி முனுசாமி புள்ளதானே? எங்கம்மா உங்க கயனில நாத்து நட்டவங்க. சொன்ன கூலிய கொறைக்காத மனுசன்னு உங்கப்பாவப் பத்திச் சொல்லும். அத நெனச்சித்தான் கேக்கறேன்."

"தரேன்" என்றான் பார்த்திபன். "நிச்சயமா தரேன்."

அந்த வாரமே குணா அவனைக் கூப்பிட்டனுப்பினார். குணா கம்பெனியின் பணியாளர் மேலாளர். குரலை உயர்த்தாத மனிதர். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். தன் போனைத் திருப்பிக் காட்டினார். நீலத்தில் வெள்ளைக் கோடுகள். குழுவில் பார்த்திபன் போட்ட படம் எங்கெங்கோ சுற்றி அங்கே வந்து சேர்ந்திருந்தது.

"நல்ல ஹாபி பார்த்திபன். ஆனா இது நம்ம பழைய டைம் ஆபீஸ் கட்டடத்தை இடிச்சப்போ வெளியே போனது. கம்பெனி பொருள். வெளியே போனதுக்கு பாஸ் இருக்கா?"

"கடைல வாங்கினேன் சார்."

"கடைக்காரன் எப்படி வாங்கினான்? அதைக் கேட்க ஆரம்பிச்சா போலீஸ் வரைக்கும் போகும். திருட்டுன்னு எழுதினா யாருக்கு அசிங்கம்? உங்க பொண்ணு அடுத்த வருஷம் காலேஜ் சேரணும் வேற." டீயை அவன் பக்கம் நகர்த்தினார். "நாளைக்கு எடுத்துட்டு வந்து குடுத்துடுங்க. இதை நான் பெருசு பண்ணல."

மறுநாள் பார்த்திபன் எடுத்துக்கொண்டு போனான். பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். இறங்கித் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தான். இறங்கவில்லை. குணா அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. வாங்கி பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டு, "நன்றி, வேலையைப் பாருங்க" என்றார். போனில் படம் இருக்கிறதே, போதும் என்று பார்த்திபன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

விசாரணைக்கு முந்தின நாள் மெர்சி அவன் வீட்டுக்கு வந்தாள். நந்தினி உள்ளே வரச் சொன்னாள். மெர்சி வாசலிலேயே நின்றாள்.

"கம்பெனி வாங்கிக்கினாங்க" என்றான் பார்த்திபன்.

"நீங்க குடுத்தீங்களா, அவங்க புடுங்கினாங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "குடுத்தேன்."

மெர்சி திரும்பி நடந்தாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று பிறகு நந்தினியிடம் சொன்னான். நந்தினி அதற்கு, "உங்களுக்குத் தாங்கறதுக்கா அவ திட்டணும்?" என்றாள்.

விசாரணையில் மெர்சி ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்த படத்தை நீட்டியிருக்கிறாள். இது யார் வேண்டுமானாலும் வரையக்கூடியது, இப்படியொரு வரைபடம் எங்களிடம் இல்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. கேட் இருந்ததற்குச் சான்று இல்லை, பொதுமக்கள் பாதையில் நுழையாதபடி கம்பெனி பாதுகாப்பு செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. அன்றைக்குப் பார்த்திபன் எடைமேடையில் லாரிகளை எடை போட்டுக்கொண்டிருந்தான்.

கம்பெனி பாதுகாப்பு செய்தது. சைடிங் நெடுகிலும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பி, மேலே முள்கம்பி சுற்றியது. காலனிக்காரர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் நெடுஞ்சாலையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கன்டெய்னர் லாரிகள் இரண்டு வரிசையாக நிற்கும் சாலை. நடக்க ஓரம் கிடையாது.

மழைக்காலம் தொடங்கியதும் கங்கம்மாவை லாரி அடித்தது. கங்கம்மா காலனியில் மெர்சிக்குப் பக்கத்து வீடு, சிப்காட்டில் கூட்டிப் பெருக்கும் வேலை. தண்ணீர் தேங்கியிருந்த இடத்தைத் தாண்ட சாலைக்குள் ஒரு எட்டு வைத்திருக்கிறாள். சரக்கு ஏற்றிக்கொண்டு கம்பெனியை விட்டு வந்த லாரி. அதன் எடைச் சீட்டில் பார்த்திபன் கையெழுத்து இருந்தது.

சாவு வீட்டுக்குப் போனான். ஷாமியானாவுக்கு அடியில் உட்கார்ந்திருந்தவர்கள் அவனைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். மெர்சி எழுந்து வந்தாள்.

"எதுக்கு வந்தீங்க?"

"மெர்சிம்மா, நான்..."

"மன்னிப்பெல்லாம் வேணாம். அத வெச்சிக்கினு நான் இன்னா செய்யறது? அந்த மாரி பேப்பரு ஒண்ணுதான் போட்டாங்களா உலகத்துல? வேற கொண்டாங்க. கொண்டு வந்தா வாங்க. இல்லாங்காட்டி எங்க தெரு பக்கம் வராதீங்க."

அதன்பிறகு பார்த்திபன் தேட ஆரம்பித்தான். இதுவரை தேடியதெல்லாம் ஆசைக்கு. இதில் தூக்கம் போயிற்று. இப்படிப்பட்ட வரைபடங்களைப் பல படி எடுப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஸ்டேஷனுக்கு ஒன்று, சிக்னல் பிரிவுக்கு ஒன்று. லீவு போட்டுவிட்டு ஒவ்வோர் இடமாகப் போனான். ஒரு அலுவலகத்தில் அலமாரிகளைத் திறந்துவிட்டு அவனோடு சேர்ந்து தூசு தட்டித் தேடினார்கள். தனியார் சைடிங் கோப்புகளையெல்லாம் எப்போதோ கழித்துவிட்டதாகச் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் பெட்டி இருந்தது. உள்ளே கரையான் மண்தான் இருந்தது.

கடைசியில் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை எழுதினான். தான் அசலைக் கொடுத்துவிட்டதையும் சேர்த்து எழுதினான். பலர் பதில் போடவில்லை. அரக்கோணத்துப் பல் டாக்டர் மட்டும் போன் செய்தார்.

"உங்க படத்துல கீழ் மூலையைப் பெருசாக்கிப் பாருங்க. படத்தை வரைஞ்சவர் பேரு இருக்கு. வேதாசலம். சென்னையில ஒரு கம்பெனிக்கு சைடிங் வரைஞ்சு குடுத்துட்டிருந்தார். எங்கிட்ட பல் கட்டிக்க வந்தவர்தான். இப்போ இல்ல. கடம்பத்தூர்ல அவர் மனைவி இருக்காங்க."

கடம்பத்தூரில் ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் வீடு. லட்சுமியம்மாள் கதவைத் திறந்து, வந்த காரியத்தைக் கேட்டுவிட்டு வருத்தமாகச் சிரித்தார்.

"அவர் வேலை செஞ்ச கம்பெனிய மூடினப்போ மூலப்படத்தையெல்லாம் வாரிக்கினு வந்துட்டாரு. மெழுகு மாதிரி வழவழன்னு துணி. அதுமேலதான் மசியால போடுவாங்க. சுடுதண்ணில ஊற வெச்சிக் கசக்கினா கஞ்சியெல்லாம் போயி மல்துணி ஆயிடும் தம்பி. எம் பசங்களுக்குச் சட்டை, தலகாணி ஒறை எல்லாம் அதுலதான் தெச்சேன். கடைல துணி எடுக்கற வசதி அப்போ இல்ல."

பார்த்திபன் கட்டிலில் கிடந்த தலையணையை எடுத்துப் பார்த்தான். வெளுத்துப்போன உறையில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும்படி, இரண்டு கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடி ஓர் இடத்தில் பிரிந்தன.

"எல்லாத்தையும் துவைச்சிட்டீங்களா?"

"பரண்ல ஒரு தகரக் குழாய் கீது. அது மூடி தெறக்கல, அப்படியே உட்டுட்டேன்."

பரண்மேல் ஏறி எடுத்தான். துரு பிடித்த மூடி வரவில்லை. தெருமுனை சைக்கிள் கடையில் கொண்டுபோய் அறுத்தான். உள்ளே துணித்தாள்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருந்தன. சர்க்கரை ஆலை, சிமென்ட் கிடங்கு, எங்கேயோ ஒரு துறைமுகம். ஒவ்வொன்றாக விரித்து விரித்து வைத்தான். முக்கால்வாசி முடிந்தது. பிறகு அவன் கம்பெனியின் பழைய பெயர் வந்தது. பாதை வரைபடம் இல்லை, அது என்றைக்கோ சட்டையாகியிருக்க வேண்டும். சிக்னல் வரைபடம் மட்டும் இருந்தது. கேட், அறை, இரண்டு கைகாட்டி, பெயர், எல்லாம் கறுப்பு மசியில் நேற்றுப் போட்டதைப் போல இருந்தன. ஓரத்தில் ஒப்புதல் கையெழுத்தும் முத்திரையும்கூட இருந்தன.

அவன் அந்த சைக்கிள் கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். கடைக்காரர் ஒன்றும் புரியாமல் தண்ணீர் கொடுத்தார்.

லட்சுமியம்மாளிடம் முழுக் கதையையும் சொன்னான். அவர் கேட்டுவிட்டு, "இது அவர் கையெழுத்துதான்னு நானும் வந்து சொல்றேன்" என்றார். வாசல்வரை வந்து, "இந்த வாட்டியாவது யார்கிட்டயும் குடுத்துடாத" என்றார். அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே பயந்துதான் சொன்னார்.

பார்த்திபன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக மேட்டுக் காலனிக்குப் போய் மெர்சியின் கையில் கொடுத்தான். அவள் அதைத் தரையில் விரித்து, கேட் இருந்த இடத்தில் விரலை வைத்து, அப்படியே இருந்தாள். ஏஞ்சல் பக்கத்தில் வந்து, "இது இன்னாம்மா?" என்று கேட்டாள்.

"நம்ம வயி" என்றாள் மெர்சி. பிறகு அவனைப் பார்த்து, "நீங்களும் வந்து சொல்லணும். மொதல் பேப்பரு இன்னா ஆச்சின்னு சொல்லணும்" என்றாள்.

மறு விசாரணையில் பார்த்திபன் சொன்னான். எதிரே குணா உட்கார்ந்திருந்தார். "நீலப் படத்த இவர் கையிலதான் குடுத்தேன்" என்று பார்த்திபன் அவரைச் சுட்டிக் காட்டினான். அடிக்கடி லீவு போட்டதற்கு வரப்போகும் ஒழுங்கு நடவடிக்கைக்குப் பயந்து இவர் இப்படிச் சொல்கிறார் என்று குணா அதே தணிந்த குரலில் சொன்னார். லட்சுமியம்மாள் எழுந்து தன் கணவரின் எழுத்தை அடையாளம் காட்டினார். அதிகாரி துணித்தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எடுத்து வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்.

அடுத்த நாள் பார்த்திபனை எடைமேடைக்குள் விடவில்லை. செக்யூரிட்டி, "சாரி சார், மேல இருந்து உத்தரவு" என்று அவன் டிபன் பையையும் ரெயின்கோட்டையும் வெளியே கொண்டுவந்து கொடுத்தான். வேறு வேலை கிடைக்க வெகுநாள் ஆயிற்று. கடைசியில் பொன்னேரிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் சேர்ந்தான். மகள் கல்லூரிக்குப் போவது ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. நந்தினி அதற்காக அவனை ஒரு சொல் சொல்லவில்லை. அந்த வருடம் முழுவதும் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள்.

உத்தரவு வர அடுத்த கோடையாயிற்று. சுவரை இடித்து வழி விட வேண்டும், கேட் போட்டு ஆள் வைக்க வேண்டும். கம்பெனி மேல்முறையீடு என்று இழுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் போட்டது.

கேட் வந்த சேதியைச் சொல்லப் பார்த்திபன் காலனிக்குப் போனபோது மெர்சியின் வீடு பூட்டியிருந்தது. கங்கம்மாவின் மகள் எதிர் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அவங்க பள்ளிப்பட்டுக்குப் போய்ட்டாங்க அண்ணா, அக்கா ஊட்டுக்கு. ஏஞ்சலு வேகன் சத்தம் கேட்டாலே காதப் பொத்திக்கினு கத்தறான்னு கூட்டிக்கினு போய்ட்டாங்க."

அவளிடம் நம்பர் வாங்கி, சாலைக்கு வந்து பேசினான். நெடுநேரம் அடித்த பிறகு மெர்சி எடுத்தாள். ரீங்காரமாகத் தையல் மிஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது.

"கேட்டு போட்டுட்டாங்கம்மா" என்றான்.

அந்தப் பக்கம் ஒரு மிஷின் நின்றது.

"ஒயுங்கா மூடறாங்களா?"

"மூடறாங்க. நின்னு பாத்துட்டுத்தான் வரேன். மூடினப்பறம்தான் வண்டி உள்ள போச்சி."

"கங்கம்மா பொண்ணு அந்த வயியாத்தான் போவுதா?"

"ஆமா. எல்லாரும் அப்படித்தான் போறாங்க."

"செரி" என்றாள் மெர்சி. "வேல கீது, வெக்கறேன்" என்று போனை வைத்தாள்.